கொல்லைக் கொட்டகையும் உப்புக் காற்றும்

கொட்டகை ஒன்றைக் கட்டுவதற்கு மதிப்பீடு தயாரிக்கிறோம். அளவுப் புத்தகத்தில் பதிவு செய்கிறோம். கணக்குத் தீர்த்துப் பணமும் கொடுத்துவிடுகிறோம். கட்டிய கொட்டகையைக் காப்பதற்கு மதிப்பீடு தயாரிப்பவர் எவரும் இல்லை. பஞ்சாயத்தில் மட்டுமன்று, உழவர் வீட்டுக் கொல்லையிலும் இதே நிலைமையைக் காண்கிறோம். மாட்டை நாள்தோறும் கவனிக்கும் உழவர், மண்வெட்டியையும் தெளிப்பானையும் விதை நெல்லையும் உர மூட்டையையும் வைத்திருக்கும் கொட்டகையை, ஒழுகத் தொடங்கிய பிறகே ஏறிட்டுப் பார்க்கிறார். அதற்குள் பழுதுபார்க்கும் காலம் கடந்து, மாற்றிக் கட்டும் காலம் வந்துவிடுகிறது.

இக்கட்டுரையில் நாம் கூற விரும்புவது, வெளிப்புறத்தில் நிற்கும் இத்தகைய சிறு கொட்டகைகளையும் குதிர்களையும் பெட்டிகளையும் எவ்வாறு பராமரிப்பது என்பதைப் பற்றியாகும். தகரம், மரம், மண், சிமெண்ட், பிளாஸ்டிக் என ஒவ்வொரு பொருளுக்கும் அழிவு வரும் வழி வேறு. காக்கும் முறையும் வேறு. உதாரணத்திற்கு மீஞ்சூர் வட்டாரத்திலுள்ள வள்ளூரை எடுத்துக்கொள்கிறோம். கொட்டகைக்கு நேரக்கூடிய கேடுகள் அத்தனையும் ஒருங்கே நேரும் ஊர் அது. அங்கே தாங்கி நிற்கும் கொட்டகை தமிழ்நாட்டில் எங்கும் தாங்கும்.

வள்ளூருக்குக் கிழக்கே எண்ணூர்க் கழிமுகம். கொசஸ்தலையாறு அதன் வழியே கடலை அடைகிறது. கழிமுகத்திற்கு அப்பால் துறைமுகமும் கடலும் இருக்கின்றன. ஊரை அடுத்து, 500 மெகாவாட் திறனுள்ள மூன்று அலகுகளைக் கொண்ட அனல் மின் நிலையம் நிலக்கரியில் இயங்குகிறது. அத்திப்பட்டுப் பக்கத்திலும் வேறு அனல் மின் நிலையங்கள் உள்ளன. ஆகவே, காலையில் கொட்டகையின் கூரையை விரலால் தொட்டுப் பார்த்தால் ஒட்டிக்கொள்வது வெறும் தூசி அன்று. கடற்காற்று கொணர்ந்த உப்பும், நுண்ணிய சாம்பலும், கரித்தூளும் கலந்த படிவம் அது.

இந்தப் படிவம் செய்யும் வேலையைச் சற்று விளக்கமாகத் தெரிந்துகொள்வது நன்று. உலர்ந்த உப்பு இரும்பை அவ்வளவாகத் தீண்டுவதில்லை. ஆனால் காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் சாதாரண உப்பு காற்றிலுள்ள நீரை ஈர்த்துத் தானே கரையத் தொடங்குகிறது. கடலுப்பில் கலந்துள்ள மக்னீசிய உப்போ அதற்கும் வெகு குறைந்த ஈரத்திலேயே கசியும். கடலோரத்தில் இரவுதோறும் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது சர்வ சாதாரணம். ஆக, மழை பெய்யாத மாதங்களிலும் கூரை இரவு முழுவதும் உப்புநீரில் நனைந்தபடியே கிடக்கிறது. நிலக்கரிப் புகையிலுள்ள கந்தக வாயு அந்நீரில் கரைந்து அமிலத் தன்மையைச் சேர்க்கிறது. சாம்பல் பஞ்சைப்போல் அந்த ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. இம்மூன்றும் சேர்ந்தால், உள்நாட்டில் பல ஆண்டுகள் உழைக்கும் தகரம் இங்கே சில ஆண்டுகளில் சல்லடையாவதில் வியப்பில்லை.

இதிலிருந்து பெறப்படும் முதல் விதி, படிவத்தைக் கழுவிவிட வேண்டும் என்பதே. வண்ணம் பூசுவதும் தார் தடவுவதும் அதற்குப் பின்னரே. வள்ளூரில் இதை நாம் சொன்னபோது, கொல்லையில் நின்றிருந்த முதிய அம்மையார் ஒருவர், “ஐயா, குடிக்கிற தண்ணிக்கே குடத்தை வெச்சிக்கிட்டுக் காத்திருக்கோம். கூரையைக் கழுவத் தண்ணிக்கு எங்கே போறது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. நமக்கு உடனே விடை சொல்லத் தோன்றவில்லை.

அவ்வட்டாரத்தில் நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததன் பயனாகக் கடல்நீர் உட்புகுந்தது 1960-களின் இறுதியிலேயே கண்டறியப்பட்ட செய்தி. ஆழ்குழாய்க் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பாக இருக்கிறது. அத்தகைய நீரைக் கொண்டு தகரத்தைக் கழுவினால் உப்பைக் கழுவியதாகாது, உப்பைப் பூசியதாகும். காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2010-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஆனால் அந்நீர் சென்னை மாநகரின் தேவைக்காக ஏற்பட்டது. கொட்டகை கழுவ அதை எதிர்பார்க்க முடியாது.

விடை அந்தக் கூரையிலேயே இருந்தது. பத்தடிக்குப் பத்தடி அளவுள்ள கூரையின் மீது 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 90 லிட்டர் நீர் கிடைக்கிறது. இறவாரத்தில் ஒரு தகரத் தொட்டியையோ, நெடுக்குவாட்டில் பிளந்த பிளாஸ்டிக் குழாயையோ பொருத்தி, 200 லிட்டர் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றில் நீரை விட்டால் இரண்டு மூன்று மழையில் அது நிரம்பிவிடும். முதல் மழையின் நீரைத் தள்ளிவிட வேண்டும்; அதில் சாம்பலும் உப்பும் நிறைந்திருக்கும். மூன்று குடம் நீரும் ஒரு தென்னந்துடைப்பமும் இருந்தால் சிறு கொட்டகை ஒன்றை முழுவதும் கழுவலாம். மாதம் ஒரு முறை கழுவினால் ஒரு பீப்பாய் நீர் நான்கு மாதங்களுக்குப் போதுமானது. பீப்பாயை மூடி வைப்பதும் அவசியம். திறந்து வைத்தால் டெங்குக் கொசுவுக்கு நாமே இடம் கொடுத்தவர்கள் ஆவோம்.

தகரக் கொட்டகை

தகரம் என நாம் வழங்குவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடாகும். துருவை எதிர்த்து நிற்பது இரும்பு அன்று, மேலுள்ள துத்தநாகமே. அந்தப் பூச்சு எவ்வளவு கனம் என்பதைப் பார்த்து வாங்குவோர் மிகச் சிலர். தகட்டின் கனத்தைக் கேட்கிறோம், விலையைக் கேட்கிறோம், பூச்சைக் கேட்பதில்லை. ஒரு சதுர மீட்டருக்கு இரு பக்கமும் சேர்த்து 120 கிராம் துத்தநாகம் பூசிய தகடும் கடையில் இருக்கிறது. 275 கிராம் பூசியதும் இருக்கிறது. முன்னதில் ஒரு பக்கத்துப் பூச்சின் கனம் 8 மைக்ரானைச் சற்றே தாண்டும். பின்னதில் 19 மைக்ரான் அளவுக்கு வரும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

காற்று எவ்வளவு அரிக்கக்கூடியது என்பதைச் சர்வதேசத் தர நிர்ணயத்தில் வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் மிகுந்த அரிப்புள்ள வகுப்பில், முதல் ஆண்டில் 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை துத்தநாகம் தேயும். உப்புக் காற்று மிகுந்த கடற்கரையும் புகை மிகுந்த தொழில் வட்டாரங்களும் அவ்வகுப்பில் சேரக்கூடியவை. அதே வேகம் நீடிப்பதாக வைத்துக்கொண்டால், 120 கிராம் தகடு இரண்டே ஆண்டுகளில் தன் கவசத்தை இழந்துவிடும். 275 கிராம் தகடு இருமடங்குக்கு மேல் நிற்கும். விலையோ இருமடங்கு அன்று. எனவே பஞ்சாயத்து வேலைக்கு விலைப்புள்ளி கேட்கும்போது பூச்சின் எடையை எழுத்தில் குறிப்பிட்டுக் கேட்பது அங்கத்தினர்களின் கடமை எனக் கருதுகிறோம்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மழை நேரே விழும் மேற்கூரைதான் முதலில் துருப்பிடிக்கும் என்று பலரும் எண்ணுகிறார்கள். கடலோரத்தில் உண்மை இதற்கு நேர்மாறானது. மேற்கூரையை மழை கழுவிவிடுகிறது. உப்புக் காற்று நுழைந்தும் மழை நுழையாத இடங்களே முதலில் கெடுகின்றன. இறவாரத்தின் அடிப்பக்கம், இரு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் மடிப்பு, கதவுக் கீலின் பின்புறம் ஆகியவை அத்தகையவை. நீர் ஊற்றிக் கழுவும்போது கைக்கு எட்டும் சுவரை மட்டும் கழுவிவிட்டு, குனிந்து பார்க்க வேண்டிய இடங்களை விட்டுவிடுவது மனித இயல்பு. அங்கேதான் துடைப்பம் செல்ல வேண்டும்.

தகட்டின் மேல் சுண்ணாம்புபோல் வெள்ளைப் பொடி தோன்றினால் துத்தநாகம் கரைகிறது என்று பொருள். அந்த நிலையில் கழுவி உலரவிட்டால் போதும். பழுப்புப் புள்ளிகள் தோன்றினால் கம்பித் தூரிகையால் தேய்த்து, கழுவி, நன்கு காய்ந்தபின், துத்தநாகத் தகட்டிற்கென்றே விற்கப்படும் பிரைமரைப் பூசி, அதன் மேல் வண்ணம் அடிக்க வேண்டும். சாதாரண எண்ணெய் வண்ணத்தைத் துத்தநாகத்தின் மேல் நேரே பூசினால் அது ஒட்டாது. ஓரிரு ஆண்டுகளில் தோல் உரிவதுபோல் உரிந்துவிடும். உரிந்த தோலுக்கு அடியில் ஈரம் தங்கி, பூசாத தகட்டைவிடப் பூசிய தகடே விரைந்து கெடுவதையும் பார்த்திருக்கிறோம். சாக்குத் தைக்கும் கோணூசியால் அழுத்தினால் துளை விழுமாயின், அத்தகட்டுக்கு வண்ணம் பூசுவது வீண் செலவு, மாற்றிவிட வேண்டியதுதான்.

புதுத் தகடுகளை வாங்கி மழைக்காலத்தில் திறந்த வெளியில் அடுக்கி வைப்பதும் தவறு. அடுக்குகளின் இடையே ஈரம் சிக்கி, கூரையில் ஏறுமுன்னரே பூச்சு வெளுத்துவிடும்.

உள்ளே இருப்பது செய்யும் கேடு

வெளியிலிருந்து வரும் உப்பை இதுவரை பார்த்தோம். உள்ளே நாமே கொண்டுபோய் வைக்கும் உப்பு அதனினும் கொடியது. பொட்டாஷ் உரம் வேதியியற்படி ஒரு குளோரைடு உப்பே. அம்மோனியம் கலந்த உரங்களும் ஈரத்தை ஈர்த்து இரும்பை அரிக்கும். மூட்டையைத் தகரச் சுவரோடு சாய்த்து வைத்தால், சாய்ந்த இடத்தில் மூட்டையின் வடிவத்திலேயே துரு படிந்திருப்பதைக் காணலாம். பலகையின்மேல் வைத்து, சுவருக்கும் மூட்டைக்கும் இடையே ஒரு முழம் விட வேண்டும்.

பஞ்சாயத்துக் கொட்டகையில் உரத்தைவிடப் பெரிய எதிரி பிளீச்சிங் பவுடர். இதைப் பற்றி நாம் பாடம் கற்றது புத்தகத்திலிருந்து அன்று. முன்பு நாம் பணியாற்றிய ஒன்றியம் ஒன்றில், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் அடியில் தகரக் கொட்டகை ஒன்று அமைக்கப்பட்டது. வேலை முடிந்ததும் அளவுகளைச் சரிபார்த்து நாமே கையொப்பமிட்டோம். அதன்பின் அவ்வூருக்குப் பலமுறை சென்றும் அக்கொட்டகையின் கதவைத் திறந்து பார்த்ததில்லை. பூட்டியிருந்தது, அதுவே பத்திரம் என்று எண்ணினோம். கோடையில் ஒருநாள் மோட்டார் நின்றது. உதிரிச் சாமான்கள் கொட்டகையில் இருக்கின்றன என்று பதிவேடு கூறிற்று. திறந்து பார்த்தபோது, வாய் கட்டாத பிளீச்சிங் மூட்டைகளுக்கு அருகே மோட்டார் ஸ்டார்ட்டர் சாமான்கள் அட்டைப் பெட்டியில் இருந்தன. செம்புத் தொடுமுனைகள் பச்சை பூத்திருந்தன. திருகுகள் விரல் பட்டதும் உதிர்ந்தன. ஒன்றுகூட உதவவில்லை. வேறு சாமான் வாங்கிப் பொருத்தும்வரை மூன்று நாட்கள் அவ்வூர்ப் பெண்கள் பக்கத்து ஊர்க் கிணற்றுக்கு நடந்தார்கள்.

மூன்று நாள் நடை பெரிதன்று என்று கூறுவோர் இருக்கலாம். அதைவிடப் பெரிய பிழை வேறொன்று இருந்தது. வாய் திறந்து வெப்பத்திலும் ஈரத்திலும் கிடந்த அந்தப் பிளீச்சிங் பவுடரைத்தான் அத்தனை மாதங்களாகக் குடிநீரில் கலந்து வந்திருக்கிறார்கள். முதல் தரப் பவுடரில் 34 விழுக்காடு குளோரின் இருக்க வேண்டும். சூடும் ஈரமும் பட்டால் அது ஆவியாகிப் போய்விடுகிறது. எஞ்சுவது ஏறக்குறைய சுண்ணாம்பு. ஆயிரம் லிட்டர் நீருக்கு 4 கிராம் என்ற வழக்கமான கணக்கில் 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம் போட்டதாக ஏட்டில் ஒழுங்காக எழுதியிருந்தார்கள். எழுதியது பொய்யன்று, ஆனால் குழாய்முனையில் குளோரோஸ்கோப் வைத்துச் சோதித்தபோது நீரில் மஞ்சள் நிறமே தோன்றவில்லை. லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டிய நீர் அது. அப்பருவத்தில் அவ்வூரில் வயிற்றுப்போக்கு பரவாமல் இருந்தது நமது திறமையால் அன்று.

எனவே பிளீச்சிங் பவுடருக்குத் தனி இடம் வேண்டும். இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாயில் போட்டு, நிழலில், தரையிலிருந்து உயர்த்தி, காற்றோட்டமுள்ள அறையில் வைக்க வேண்டும். வாங்கிய தேதியைப் பீப்பாயின்மேல் எழுதி, பழையதை முதலில் செலவிட வேண்டும். யூரியா முதலிய உரங்கள், மண்ணெண்ணெய், எண்ணெய், அமிலம் இவற்றோடு ஒரே அறையில் வைக்கவே கூடாது. கலந்தால் நச்சு வாயுவும் தீயும் உண்டாகலாம். மின்சாரச் சாமான்களை அதே கூரையின் கீழ் வைப்பதும் கூடாது. இரண்டாவது அறை இல்லையென்றால், மின்சாரச் சாமான்களைப் பஞ்சாயத்து அலுவலக அலமாரியில் வைப்பதில் இழுக்கொன்றுமில்லை.

மரமும் மண்ணும்

மரத்திற்கு உப்புக் காற்று பகையன்று. கடலிலேயே கிடக்கும் கட்டுமரங்களைப் பார்த்தால் இது விளங்கும். மரத்திற்குப் பகை, ஈரத்தோடு கூடிய மண்ணும் கறையானும், மரத்தில் அறைந்த இரும்பு ஆணியுமே. முற்காலத்தில் சென்னைக் கடற்கரையில் அலைகளைத் தாண்டிச் சென்று வந்த மசூலாப் படகுகளில் பலகைகளை ஆணியால் பிணைக்கவில்லை, தென்னங்கயிற்றால் தைத்திருந்தார்கள். அலையில் வளைந்து கொடுப்பதற்காகவே அப்படிச் செய்தார்கள் என்றாலும், துருப்பிடிக்கும் ஆணி ஒன்றுகூட இல்லாமற்போனது கூடுதல் நன்மை. துருப்பிடித்த ஆணி உப்பி மரத்தைப் பிளக்கிறது. பிளவில் நீர் இறங்குகிறது. ஆகவே மரக் கொட்டகையில் துத்தநாகம் கனமாகப் பூசிய திருகாணிகளையோ, இயன்றால் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளையோ உபயோகிப்பது சிக்கனமாகும்.

சவுக்குக் கால் நட்ட கொட்டகைகள் இப்பகுதியில் மிகுதி. கால் இற்றுப்போவது மண்ணுக்குள் ஆழத்திலும் அன்று, மேலேயும் அன்று; மண்மட்டத்தில், ஒரு சாண் மேலும் கீழுமாக. அங்கேதான் ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கின்றன. ஆண்டுக்கு ஒரு முறை அடியில் ஒரு சாண் மண்ணைத் தோண்டிக் கத்தி முனையால் குத்திப் பார்த்தால் நிலைமை தெரிந்துவிடும். காலை மண்ணில் நடாமல், சிமெண்ட் கட்டையின்மேல் இரும்புப் பட்டையால் நிறுத்துவது மேலானது. பனங்கைகளும் பனஞ்சட்டங்களும் கிடைத்தால் வைரம் பாய்ந்ததாகப் பார்த்து எடுக்க வேண்டும். உட்சோறு மிகுந்த இளம்பனை உதவாது. 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆதலால் பழைய வீடு பிரிக்கும் இடத்தில் கிடைக்கும் சட்டங்களைத் தேடுவதே சரியான வழி.

மரத்தின் வெளிப்புறத்தில் முந்திரிக் கொட்டை எண்ணெய் தடவுவது படகுத் தொழிலாளர் அறிந்த பழைய முறை. அது தோலைப் புண்ணாக்கக்கூடியது, கையுறையின்றித் தொடலாகாது. பட்டறையிலிருந்து கழிவு எஞ்சின் எண்ணெயை வாங்கி வந்து பூசுவதை நாம் ஆதரிக்கவில்லை. மழையில் அது கரைந்து கொல்லை மண்ணில் இறங்குகிறது. தானியம் வைக்கும் அறையானால் நெல்லில் நாற்றமும் நஞ்சும் ஏறுகின்றன.

மண் குதிர் இன்று அருகிவிட்டது. ஆயினும் வெப்பத்தைத் தடுப்பதில் அதற்கு இணை தகரமும் அன்று, பிளாஸ்டிக்கும் அன்று. குதிர் மெழுகும் மண்ணை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதே கடலோரத்தில் முக்கியம். கழிமுகத்தை அடுத்த உவர்மண்ணைக் கொண்டு மெழுகினால், முன் சொன்ன கணக்கின்படி இரவுதோறும் சுவர் வியர்க்கும். உள்ளிருக்கும் நெல் முளை விடும் அல்லது பூஞ்சணம் பிடிக்கும். ஏரிக் களிமண்ணே ஏற்றது. டில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கிய பூசாக் குதிரில் இரண்டு மண் சுவர்களுக்கு இடையே தடித்த பாலிதீன் தாளை வைத்து ஈரத்தைத் தடுத்தார்கள். 1965-66-இல் தொடங்கிய தானியப் பாதுகாப்பு இயக்கத்தின்போது இதுபோன்ற முறைகளும் உலோகக் குதிர்களும் கிராமங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டன. எந்தக் குதிராயினும், விதை நெல்லை 12 அல்லது 13 விழுக்காடு ஈரத்திற்குக் காய வைக்காமல் உள்ளே போட்டால் குதிரைக் குறை கூறிப் பயனில்லை. பூச்சிக்காக அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டை ஒட்டிய குதிரில் போடுவது உயிருக்கு ஆபத்து. பயிற்சி பெற்றவர் மேற்பார்வையின்றி அதைக் கையாளக் கூடாது.

சிமெண்டும் கல்நாரும்

சிமெண்ட் கட்டடத்திற்குப் பராமரிப்பு வேண்டாம் என்ற எண்ணம் பஞ்சாயத்துகளில் பரவலாக இருக்கிறது. கம்பி வைத்த கான்கிரீட்டில் உப்பு நீர் கலந்தால் கம்பி உள்ளேயே துருப்பிடித்து உப்பி, காரையைப் பெயர்த்துத் தள்ளும். கம்பியுள்ள கான்கிரீட்டிற்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். மீஞ்சூர்ப் பகுதியில் ஆழ்குழாய் நீரை நாவில் வைத்ததும் உப்புத் தெரியுமானால், அதைச் சோதிக்காமல் உபயோகிக்கலாகாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் சோதித்துக்கொள்ளலாம். சுவரில் மயிரிழைபோல் கம்பியின் நேர்கோட்டில் வெடிப்புத் தோன்றினால் அதன்மேல் சுண்ணாம்பு அடித்து மறைப்பது பயனற்றது. தளர்ந்த காரையைத் தட்டி எடுத்து, கம்பியைத் தேய்த்துச் சுத்தம் செய்து மீண்டும் பூச வேண்டும்.

சாம்பற் செங்கல் அருகிலேயே கிடைப்பது இப்பகுதியின் வசதி. வாங்குமுன் ஒரு கல்லைக் காயவைத்து எடை பார்த்து, 24 மணி நேரம் நீரில் ஊறவிட்டு மறுபடி எடை பாருங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடை கூடினால் அக்கல் வேண்டாம். 3 கிலோ கல் 3.6 கிலோவைத் தாண்டலாகாது.

கல்நார்த் தகடு வேய்ந்த பழைய கொட்டகை எவரிடமாவது இருந்தால் அதைப் பற்றி ஒரு வார்த்தை. துருப்பிடிப்பதில்லை என்பது உண்மை. ஆனால் அதன் நுண்ணிழை மூச்சில் புகுந்தால் பல்லாண்டுகள் கழித்துப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. அதைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பதும், உலர்ந்த நிலையில் அறுப்பதும், துளையிடுவதும், உடைந்த துண்டுகளைப் பிள்ளைகள் விளையாட விடுவதும் கூடாது. உடைந்ததை நனைத்தே எடுத்து, தடித்த பையில் கட்டி வைக்க வேண்டும். புதிதாக வாங்க வேண்டாம்.

பிளாஸ்டிக்

பிளாஸ்டிக்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உப்பு அதை ஒன்றும் செய்யாது, வெயில் செய்யும். கரித்தூள் கலந்த கறுப்பு நிறத் தொட்டிகளும் பீப்பாய்களும் வெயிலைத் தாங்குகின்றன. வண்ண வண்ணமானவை நிறம் மங்கி, நொறுங்கத் தொடங்கும். நிழலில் வைத்தால் ஆயுள் கூடும். எலி கடிக்கும் என்பதால் தானியத்திற்கு அவ்வளவு உகந்ததன்று. பூச்சிமருந்து வந்த பீப்பாய் எத்தனை முறை கழுவினாலும் தானியத்திற்கோ நீருக்கோ உதவாது. இதை உழவர்கள் அறியாதவர்கள் அல்லர். ஆயினும் பீப்பாய் நன்றாக இருக்கிறதே என்ற ஆசை விடுவதில்லை.

காற்றும் வெள்ளமும்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தபோது காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசியது. அத்தகைய காற்றில் கூரைத் தகடு பறப்பது அருமையன்று; பறக்கும் தகடு கத்தியாகிறது என்பதே அஞ்சத்தக்கது. தகட்டைப் பிடித்திருப்பது ஜே கொக்கிகளும் அவற்றின் கீழுள்ள வளையங்களுமே. நடுக்கூரையைவிட ஓரங்களிலும் மூலைகளிலும் காற்று பன்மடங்கு இழுக்கிறது. அங்கே கொக்கிகளை நெருக்கமாக அமைத்து, ஆண்டுதோறும் மழைக்கு முன் ஒவ்வொன்றையும் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். எடை குறைந்த பிளாஸ்டிக் பெட்டிகளையும் காலித் தொட்டிகளையும் முளையடித்துக் கட்ட வேண்டும். கூரையின்மேல் கருங்கல்லைத் தூக்கி வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுவது நலம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வெள்ளமும், எண்ணூர்க் கழிமுகத்தில் அதனோடு கலந்து படர்ந்த எண்ணெயும் எவ்வளவு துன்பம் விளைவித்தன என்பதை இப்பகுதியினருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அவ்வெள்ளம் ஏறிய மட்டம் பல சுவர்களில் இன்னும் தெரியும். கொட்டகைக்குள் அந்த மட்டத்தில் ஒரு கோடு இழுத்து, உரம், பூச்சிமருந்து, பிளீச்சிங், விதை இவை நான்கையும் கோட்டுக்கு மேலே பரண் அமைத்து வைப்பது எளிய காரியம். மண்வெட்டியும் கடப்பாரையும் கீழே கிடக்கலாம். கழுவி எண்ணெய் தடவினால் அவை பிழைத்துவிடும்.

செலவைப் பற்றி அங்கத்தினர்கள் கேட்பார்கள். மாதம் மூன்று குடம் நீருக்கும் அரை மணி நேர உழைப்புக்கும் தனித் தீர்மானம் தேவையில்லை. பிரைமருக்கும் கொக்கிகளுக்கும் ஆகும் தொகையைக் கொட்டகை கட்டும் ஆண்டிலேயே ஒதுக்கிவைப்பது நல்லது. பின்னால் கேட்டால் கிடைப்பதில்லை என்பது நம் அனுபவம். இருப்புப் பதிவேட்டில் சாமான்களின் எண்ணிக்கையை எழுதும் பக்கத்திலேயே, கடைசியாகக் கதவைத் திறந்து பார்த்த தேதிக்கும் ஒரு பத்தி போட்டுக்கொள்ளலாம்.

வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. அக்டோபர் 2 கிராம சபைக்கு வரும்போது கொட்டகைச் சாவியையும் கையோடு எடுத்து வரும்படி கூறி, கூட்டம் கலைந்ததும் உறுப்பினர்களோடு சென்று கதவைத் திறந்து பார்ப்பதை நாம் வழக்கமாக்கிக் கொண்டிருக்கிறோம். இரண்டு வாரம் அவகாசம் இருக்கும். கொக்கி மாற்றவும், பரண் உயர்த்தவும், பீப்பாயின் அடியில் தேங்கிய சேற்றைக் கொட்டிவிட்டு முதல் மழைக்கு வாய் திறந்து வைக்கவும் அது போதுமானது.